சுசீலாதேவி செய்த இடங்காட்டி

2009 சனவரி 24 – கையடக்க வானொலி ஸ்கானர், பழையது: 850 குரோனர்
பெப்ரவரி 7 – சிறு வானொலி அனுப்பி, இரண்டு: 78 குரோனர்
பெப்ரவரி 28 – உடைந்த கார் வழிகாட்டிக் கருவி, பழைய பொருட் சந்தை: 40 குரோனர்
மார்ச் 10 – மின்னழுத்தம் மாற்றும் சில்லு, இரண்டு: 36 குரோனர்
மார்ச் 14 – மின்தேக்கிகள், தொழிற்சாலைக் கழிவிலிருந்து: 0
மார்ச் 21 – கம்பி, செருகிகள்: 55 குரோனர்
மார்ச் 28 – மின்கலங்களும் அவற்றின் கூடும்: 64 குரோனர்
ஏப்ரல் 4 – சப்பாத்துக் குதி குடைந்து தைத்த கூலி: 120 குரோனர்
மொத்தம்: 1243 குரோனர்

இந்தக் கணக்கில் சுசீலாதேவியின் உழைப்பு சேரவில்லை. அதற்கு அவர் விலை போடவில்லை. ஸ்கானரோடு இணைக்கும் ஜிபிஎஸ் துணைக்கருவி மட்டும் கடையில் 1495 குரோனர் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. விசாரித்தபோது அது கையிருப்பிலும் இல்லை. ஆகவே அவரே செய்தார். எதற்காகச் செய்தார் என்பதையும், செய்தது எப்படி வேலை செய்தது, எங்கே தவறியது என்பதையும் என் குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன்.

சுசீலாதேவி 1956ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தார். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஆறு ஆண்டுகள் ஒரு பெண்கள் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தார். 1988 நவம்பரில் கணவர் தேவராசாவுடன் டென்மார்க்குக்கு வந்தார். மூன்று ஆண்டுகள் அலுவலகங்கள் துப்புரவாக்கினார். 1991இல் எஸ்பியர்க் துறைமுக நகரில் கப்பல்களுக்கு அளவைக் கருவிகள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் சேர்ந்தார். உருப்பெருக்கியின் கீழே கை வைத்து, நெல்மணியிலும் சிறிய பாகங்களை மின்சுற்றுப் பலகையில் ஈயம் உருக்கிச் சோல்டர் பண்ணுவது அவர் வேலை. பதினெட்டு ஆண்டுகளில் அவர் மேசையிலிருந்து போன பலகைகளில் பிழையென்று திரும்பி வந்தவை பதினொன்று. இதை அவருடைய மேற்பார்வையாளரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்திருக்கிறேன்.

நாங்கள் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். அவர்கள் மூன்றாம் மாடி, ஓய்வுபெற்ற கணக்காளனான நான் கீழ்மாடி. தேவராசா மீன் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவர். 2007இல், அறுபதாம் வயதில், அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கியது. வைத்தியர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள், மருந்து இல்லை என்றும் சொன்னார்கள். உடம்பில் வேறு குறை கிடையாது. நாளுக்கு ஆறு ஏழு கிலோமீற்றர் நடப்பார். போகத் தெரியும், திரும்பத் தெரியாது.

2008 டிசம்பர் 14ஆம் திகதி அவரை ரயில் பாதையோரத்தில் கண்டு பொலிஸார் கூட்டி வந்தார்கள். 2009 சனவரி 18ஆம் திகதி, ஃபானோத் தீவுக்குப் படகு போகும் துறையில், பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகைக் குளிரில், மேலங்கி இல்லாமல் நின்றார். அன்றும் தேடிப் பிடித்தது பொலிஸ்தான். 22ஆம் திகதி வியாழக்கிழமை கொமுன என்ற உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிர்கித்த என்ற அதிகாரி எழுதியிருந்தார். மே மாத முடிவுக்குள் மூன்றாம் முறையும் பொலிஸாரிடம் போக நேர்ந்தால், தேவராசாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும்படி தாம் பரிந்துரைக்க வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம்.

இடம் காலியாக இருந்த இல்லம் முப்பத்தொரு கிலோமீற்றர் தள்ளி இருந்தது. அங்கே தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. இந்த நோயில் பின்னால் படித்த மொழிதான் முதலில் போகிறது. தேவராசாவின் டெனிஷ் முழுவதும் போய்விட்டது. தண்ணீர் விடாய்க்கிறது என்று அவர் சொன்னால்கூட அங்கே யாருக்கும் விளங்காது.

சுசீலாதேவி கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

“அந்த மனிசியிலை பிழை இல்லை அண்ணை. உள்ளதைத்தான் எழுதியிருக்கிறா. ஆனா நான் இவரை விடமாட்டன்.”

“கதவைப் பூட்டி வைக்கேலாதோ?”

“பூட்டினால் கதவோடை சண்டை பிடிப்பார். நடக்கிற மனிசனை நடக்க விடவேணும். எங்கை நடக்கிறார் எண்டு எனக்குத் தெரிஞ்சால் காணும்.”

இரண்டு நாள் கழித்து அவர் ஸ்கானரை வாங்கினார். ஸ்கானர் என்பது பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தம் உள்ள இடத்தில் நிற்கும் வானொலி. துறைமுக நகரம் என்பதால் கப்பல்களின் பேச்சைக் கேட்க இங்கே பலர் வைத்திருக்கிறார்கள். இதை விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு மீனவர். சுசீலாதேவிக்குக் கப்பல் தேவைப்படவில்லை. தேவராசாவின் உடம்பில் தீப்பெட்டியிலும் சிறிய ஓர் அனுப்பியை வைத்து, அதன் ஒலியை ஸ்கானரில் கேட்டுக்கொண்டு போய் ஆளைக் கண்டுபிடிப்பது அவருடைய திட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய அலைவரிசையையே தெரிந்தெடுத்தார். அதில் கார்ச் சாவிகளும் வெப்பமானிகளும் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். தன்னுடையது தனியே தெரிவதற்காக மூன்று குறுக்கல், ஒரு நீட்டல் என்று ஒலிக்கும்படி அனுப்பியை அமைத்தார்.

முதல் சோதனை பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. மகள் சாரங்கா ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள். வார இறுதிக்கு வந்திருந்தாள். அனுப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பத்து நிமிட நடைத்தூரத்துக்குள் எங்காவது போய் நில் என்று தாய் அனுப்பினார். சாரங்காவைக் கண்டுபிடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்தது. ஒரு சைக்கிள் கொட்டிலுக்குள் மூக்குச் சிவந்து நின்றாள்.

சாரங்காவுக்குத் தமிழ் முழுக்க விளங்கும், பதில் மட்டும் டெனிஷில் வரும். கோபம் வந்தால் டெனிஷ் இன்னும் வேகமாக வரும். அப்பா என்ன தபால் பொதியா, எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்று கேட்டாள்.

“பொதி துலைஞ்சால் தபால்கந்தோர் காசு தரும். கொப்பர் துலைஞ்சால் ஆர் என்ன தருவினம்? போய்த் தேத்தண்ணி போடு, எனக்கும் ஒண்டு.”

தேநீர் குடித்துக்கொண்டே சுசீலாதேவி பிழையைக் கண்டுபிடித்தார். ஸ்கானரில் ஒலியின் வலிமையை ஒன்றிலிருந்து ஐந்து வரையான கோடுகள் காட்டும். கட்டடங்களுக்கு நடுவில் கோடு ஏறும், இறங்கும். எந்த இடத்தில் எத்தனை கோடு இருந்தது என்று கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறது. அன்று அவர் ஒரே ஒழுங்கைத் தெருவுக்குள் மூன்று தரம் போயிருக்கிறார்.

“எங்கை நிண்டு கேட்டனான் எண்டு தெரியாமல், கூடக் கேக்குது குறையக் கேக்குது எண்டு என்ன பிரயோசனம்?”

ஸ்கானரின் பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. ஜிபிஎஸ் கருவியை அதில் இணைத்தால், நிற்கும் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் ஸ்கானரின் திரையே காட்டும் என்று கையேடு சொன்னது. ஒவ்வொரு இடத்திலும் இலக்கத்தையும் கோட்டையும் குறித்து வரைபடத்தில் போட்டால், எந்தப் பக்கம் போனால் ஒலி கூடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். குறிப்பதும் வரைபடத்தில் போடுவதும் என் பொறுப்பாயிற்று.

மார்ச் மாதம் முழுவதும், சனி ஞாயிறு காலைகளில், குசினி மேசையில் வேலை நடந்தது. சோல்டர் புகையை இழுக்க அடுப்புக்கு மேலேயுள்ள விசிறியைப் போட்டுவிடுவார். ஒரு பக்கம் பருப்பு அவியும், மறுபக்கம் ஈயம் உருகும். பழைய பொருட் சந்தையில் வாங்கிய கார் வழிகாட்டியின் திரை நொறுங்கியிருந்தது. உள்ளே இருந்த ஜிபிஎஸ் பாகம் உயிரோடு இருந்தது. அதைக் கத்திமுனையால் கிளப்பி எடுத்தார். அந்தப் பாகம் பேசுவது தாழ்ந்த மின்னழுத்தத்தில். ஸ்கானர் எதிர்பார்ப்பதோ வேறு அளவு. இரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றிக்கொடுக்க ஒரு சில்லு வைத்தார்.

முதலில் இணைத்தபோது திரையில் ஒன்றும் வரவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பாகத்தின் பேசும் கம்பியை ஸ்கானரின் பேசும் கம்பியோடே கொடுத்திருந்தார்.

“இரண்டு பேரும் கதைக்கினம் அண்ணை, ஒருத்தரும் கேக்கினமில்லை. எங்கடை சங்கக் கூட்டம் மாதிரி.”

ஜிபிஎஸ் அன்ரனாவுக்குக் கீழே ஓர் உலோகத் தகடு இருந்தால் வானத்திலிருந்து வரும் சைகை நன்றாகப் பிடிபடும். அதற்கு அவர் கண்டுபிடித்தது, இங்கே பன்றி ஈரல் பசை விற்கும் மெல்லிய அலுமினியத் தட்டு. பக்கத்து வீட்டு டெனிஷ்காரி கொடுத்தது. சுசீலாதேவி மாமிசம் தொடாதவர். “ஏழு தரம் கழுவினன்,” என்றார், நான் கேட்காமலே. அந்தத் தட்டை அளவாக வெட்டி, பாகங்களை அதன்மேல் பொருத்தி, சாரங்காவின் பள்ளிக்காலச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். நிறை, மின்கலங்களோடு, 214 கிராம்.

அந்த மாதங்களில் எங்கள் வீடுகளில் தொலைக்காட்சி அணைவதே இல்லை. இறுதிப் போர் நடந்த வன்னியிலிருந்து வரும் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தொலைபேசியில் யாரோ யாருக்கோ அழுதுகொண்டிருந்தார்கள். சுசீலாதேவியின் சித்தி குடும்பம் உள்ளே அகப்பட்டிருந்தது. அடுத்த அறையில் செய்தி கேட்டுக்கொண்டே இவர் சோல்டர் பண்ணுவார். எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“அது என்ரை கையிலை நிக்காத விசயம். இது நிக்குது. நிக்கிறதையாவது ஒழுங்காய்ச் செய்வம்.”

மார்ச் 22ஆம் திகதி நடந்த பிழை என்னுடையது. ஸ்கானருக்குக் கொடுக்குமுன் ஜிபிஎஸ் பாகத்தைப் பழைய கணினியில் பூட்டி, அது தரும் இலக்கங்களை எனக்கு வாசித்தார். அகலக்கோடு 5528.61, நெடுங்கோடு 827.90. நான் அவற்றை 55.2861 பாகை, 8.2790 பாகை என்று எழுதி வரைபடத்தில் புள்ளி வைத்தேன். புள்ளி வட கடலுக்குள், எங்கள் குசினிக்குத் தென்மேற்கே இருபத்து நான்கு கிலோமீற்றரில் விழுந்தது. அந்தக் கருவி பாகையையும் அதன் அறுபதில் ஒரு பங்கான கலையையும் சேர்த்து எழுதுகிறது. 55 பாகை 28.61 கலை என்று பிரித்து வாசித்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் இலக்கம் எழுதிய நான் அதைக் கவனிக்கவில்லை.

சுசீலாதேவி வரைபடத்தை எட்டிப் பார்த்தார். “எங்களைக் கடலுக்கை இறக்கிப்போட்டியள் அண்ணை. கால் நனைஞ்சதோ எண்டு பாருங்கோ.”

ஏப்ரலில் மூன்று சோதனைகள் செய்தோம். ஒளிந்தவரைக் கண்டுபிடிக்க ஏப்ரல் 5இல் பத்தொன்பது நிமிடம், 19இல் பதினான்கு, 26இல் பதினொன்று. சுசீலாதேவி சைக்கிளில் போவார். கூடையில் சாப்பாட்டுப் பெட்டியும் ஸ்கானரும் இருக்கும். நின்று நின்று கைத்தொலைபேசியில் எனக்கு இலக்கம் சொல்லுவார். நான் வீட்டில் வரைபடத்தோடு இருந்து திசை சொல்லுவேன்.

சோதனைகளுக்கு முன்பே தீர்த்த இன்னொரு கேள்வி, அனுப்பியை தேவராசாவின் மேல் எங்கே வைப்பது என்பது. மேலங்கியில் வைத்தால் அதை விட்டுவிட்டுப் போகிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சீனிப் போத்தலுக்குள் போட்டுவிடுகிறார். தொலைபேசியை வழியில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் இந்த நாட்டில் சப்பாத்து இல்லாமல் ஒருவரும் வெளியே போவதில்லை. அவரும் ஒருநாளும் மறந்ததில்லை. ஆகவே அவருடைய மண்ணிறச் சப்பாத்தின் வலது குதியைக் குடைந்து அனுப்பியை வைக்கத் தீர்மானித்தார். சப்பாத்துத் தைப்பவர், உங்கள் கணவர் ஒற்றரா என்று கேட்டாராம். இல்லை, ஒற்றர் நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மே 18, திங்கட்கிழமை. முதல்நாளிலிருந்தே கட்டடம் வெறுமையாகிவிட்டது. இளையவர்கள், நடுத்தர வயதினர் எல்லோரும் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்கு, பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கப் போயிருந்தார்கள். சாரங்காவும் ஓகூஸிலிருந்து நேரே அங்கே போயிருந்தாள். போர் முடிந்துவிட்டது என்று அன்று பகல் செய்தி வந்தது. எந்த வீட்டுத் தொலைபேசியும் சும்மா இருக்கவில்லை. கனடாவிலிருந்து சுசீலாதேவியின் தங்கை 12.35க்கு அழைத்தார். சித்தி வீட்டில் எவரும் மிஞ்சவில்லை என்ற செய்தி அப்போதுதான் வந்தது. அன்று வேலைக்குப் போகாத சுசீலாதேவி படுக்கையறையில் இருந்து கதைத்தார். தேவராசா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். 12.58க்கு இவர் வெளியே வந்தபோது நாற்காலி வெறுமையாக இருந்தது.

13.01க்கு என் கதவைத் தட்டினார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. முகம் அழுது வீங்கியிருந்தது, குரல் சரியாக இருந்தது.

“பொலிஸுக்குச் சொல்லுவம்,” என்றேன்.

“சொன்னால் மூண்டாந்தரம் அண்ணை. கொண்டுபோயிடுவினம்.”

“ரயில் பாதை கிட்ட.”

“எனக்குத் தெரியும்.” கடிகாரத்தைப் பார்த்தார். “இருவது நிமிசம் தாங்கோ. இருவது முடிஞ்சால் என்னைக் கேக்காதேங்கோ, நீங்களே எடுங்கோ.”

13.04க்குச் சைக்கிள் புறப்பட்டது. அன்றைய குறிப்பு அப்படியே இருக்கிறது. 13.07, கடைத்தெரு, ஒன்றும் கேட்கவில்லை. 13.10, ரயில் பாலம், ஒன்றுமில்லை. அந்த “ஒண்டுமில்லை”யைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. 13.13, பாடசாலை மூலை, ஒரு கோடு. 13.15, விளையாட்டு மைதானம், இரண்டு கோடு. 13.17, நீர்த்தாங்கிப் பக்கம், மறுபடி ஒன்று.

ஐந்து புள்ளிகளையும் பார்த்துவிட்டு, “திரும்பு, கிழக்காலை போ, பெரிய ரோட்டைத் தாண்டு,” என்றேன்.

“கிழக்காலை சவக்காலை எல்லோ இருக்கு?”

“ஓம்.”

அவர் சைக்கிளைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு, “வெள்ளைச் சேட்டைக் காணேல்லை அண்ணை. அலுமாரி திறந்து கிடந்தது. நான் யோசிக்கேல்லை,” என்றார். எங்கள் ஆண்கள் வெள்ளைச் சட்டை உடுத்துப் போவது செத்தவீட்டுக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் இறுதிச் சடங்குக்கு தேவராசா அந்தச் சவக்காலைக்குத்தான் போயிருந்தார்.

13.20, சவக்காலை வாசல், நான்கு கோடு. 13.22, உள்ளே, ஐந்து கோடு.

13.23க்குச் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“சப்பாத்து இருக்கு அண்ணை,” என்றார். “கோயில் வாசல்லை வைக்கிற மாதிரி, இரண்டையும் சோடியாய் வைச்சிருக்கு. ஆள் இல்லை.”

அது சவக்காலைக்குள் இறுதி வழிபாடு நடக்கும் சிறு மண்டபத்தின் படி. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. மூன்று குறுக்கல், ஒரு நீட்டல் என்று ஸ்கானர் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்ததை நானும் தொலைபேசியில் கேட்டேன். ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன மனிதனின் சப்பாத்துக்குள் அனுப்பியை வைத்திருந்தோம். எத்தனையோ நாள் யோசித்த எங்கள் இருவரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

“இப்ப எடுங்கோ அண்ணை,” என்றார் சுசீலாதேவி.

“இன்னும் ஒரு நிமிசம் இருக்கு.”

“வேண்டாம். வெறுங்காலோடை போறார். எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாது. எடுங்கோ.”

13.24க்கு நான் பொலிஸுக்கு அறிவித்தேன்.

அந்த இடைவெளியில் சுசீலாதேவி சும்மா நிற்கவில்லை. புல் வெட்டிக்கொண்டிருந்த ஊழியரைப் பிடித்து விசாரித்தார். ஒருமணிக்கு ஒரு சடங்கு இருந்தது, பெட்டியைக் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார் அவர். எங்கள் வழக்கத்தில் ஆண்கள் பெட்டியோடு கடைசிவரை போவார்கள். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சுசீலாதேவி கிழக்கு மூலைக்கு ஓடினார். 13.29க்கு எனக்கு அழைப்பு வந்தது.

“நிக்கிறார்,” என்றார்.

பொலிஸுக்கு மறுபடி அறிவித்துவிட்டு நானும் என் சைக்கிளில் போனேன். 13.41க்குச் சேர்ந்தேன். பதினைந்து பேர்வரை கறுப்பு உடையில் குழியைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குள்ளே வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டி, ஈரப்புல்லில் காலுறையோடு தேவராசா நின்றார். சுசீலாதேவி அவர் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்து இழுத்தபோது அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னாராம்:

“சத்தம் போடாதை. பெட்டி இறக்கிறாங்கள்.”

“ஆரப்பா செத்தது?”

“எங்கடை ஆக்கள்.”

அதற்குமேல் சுசீலாதேவி இழுக்கவில்லை. கையைப் பிடித்தபடி அவரும் நின்றுவிட்டார். மற்றவர்கள் பூப் போட்டார்கள். தேவராசா குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். பிறகு சுசீலாதேவியும் ஒரு பிடி எடுத்துப் போட்டார். அது யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

இறந்தவரின் மனைவி கிர்ஸ்தன், எண்பது வயதைத் தாண்டிய மெலிந்த பெண். சடங்கு முடிந்ததும் எங்களிடம் வந்தார். சுசீலாதேவி மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் தடுத்துவிட்டார். “என் கணவரோடு ரயில்வேயில் வேலை செய்தவர் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அழவில்லை. இவர் அழுதார். நீங்கள் எல்லோரும் கோப்பிக்கு வரவேண்டும்,” என்றார். போனோம். பொலிஸ் வண்டி எப்படியும் வந்து பார்த்துவிட்டுத்தான் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. இளம் அதிகாரி ஒருவர் உள்ளே வந்து, இரண்டாவது கேக் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தேவராசாவைப் பார்த்து, காணாமற்போனவர் இவரா என்று கேட்டார்.

“ஓம், ஓம்,” என்று தேவராசாவே தலையாட்டினார்.

அதிகாரி சிரித்தார். ஆனால் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டார். மூன்றாவது பதிவு.

அடுத்த வாரத்தில் சுசீலாதேவி அனுப்பியைச் சப்பாத்திலிருந்து கழற்றி எடுத்துவிட்டார். தேவராசா குளிக்கும்போதும், கோயிலுக்குள்ளும், வைத்தியசாலையிலும் கழற்றாத பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. சிறுவயதிலிருந்து இடுப்பில் கட்டியிருக்கும் கறுப்பு அரைநாண்கயிறு. அனுப்பியைத் தண்ணீர் புகாதபடி அடைத்து, பெருவிரல் அளவில் தாயத்துப்போல் அந்தக் கயிற்றில் கோத்துவிட்டார். தேவராசா அதைத் தொட்டுப் பார்த்து, ஆர் மந்திரிச்சது என்று கேட்டார். நான்தான் என்றார் இவர். மே 31இல் சோதித்தோம். ஒன்பது நிமிடம்.

யூன் 9, செவ்வாய்க்கிழமை, பிர்கித்த வீட்டுக்கு வந்தார். பொலிஸ் அறிக்கை அவர் கையில் இருந்தது. சுசீலாதேவி எதையும் மறைக்கவில்லை. கருவியை மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். என் குறிப்புத் தாள்களையும் வரைபடத்தையும் கொடுத்தார். அனுப்பியைச் சப்பாத்தில் வைத்தது தன்னுடைய பிழை என்று தானாகவே சொன்னார். அன்றைக்கு அது சப்பாத்தைத்தான் கண்டுபிடித்தது, ஆளை அல்ல, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

பிர்கித்த தாள்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “நீங்கள் அறிவித்து ஐந்தாவது நிமிடம் அவரைக் கண்டுவிட்டீர்கள். அந்த ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் இந்த அறிக்கையே இருந்திராது. மூன்றாம் முறை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் அறிவித்தீர்கள்?”

சுசீலாதேவியின் டெனிஷ் சுத்தமானது, ஆனால் மெதுவானது. “அந்த நேரத்தில் எனக்கு அவர் உயிரோடு வேண்டும் என்று மட்டும் இருந்தது,” என்றார். “வீட்டில் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான்.”

பிர்கித்த பேனாவை மூடினார். எந்த உறுதியும் கொடுக்கவில்லை. தாள்களைப் படியெடுத்துத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று, இதைப் போல இன்னொன்று செய்ய எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டார். நான் இலக்கத்தைச் சொன்னேன்.

அதன்பிறகு சுசீலாதேவி ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் முதலில் தபால்பெட்டியைத் திறந்தார். ஒன்பது நாட்கள் மின்சாரக் கட்டணமும் விளம்பரத் தாள்களும்தான் வந்தன. மூன்றாம் மாடிக்கு ஏறும் காலடியிலிருந்தே, இன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கடிதம் வந்த அன்று அவர் ஏறிப் போகவில்லை. கீழ்மாடியில் என் கதவடியிலேயே உறையைக் கிழித்து, நின்றபடி வாசித்தார். ஒரு பக்கக் கடிதம். தேவராசா தன் வீட்டிலேயே இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டும், அங்கே தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவரை ஒழுங்கு செய்ய முயல்கிறார்கள். இந்த விடயம் இத்துடன் முடிக்கப்படுகிறது, இதுபற்றி வேறு கடிதம் வராது. என் குறிப்புத் தாள்கள் ஒன்றும் குறையாமல் உறைக்குள் இருந்தன. சுசீலாதேவி அவற்றை என்னிடம் தந்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தாள்களை எண்ணி, கடிதம் கிடைத்த நாளை மேலே எழுதினேன்: 2009 யூன் 19, வெள்ளிக்கிழமை.